சம்பளப் பட்டியலை எதில் அனுப்புவது? வாட்ஸ்அப், ஈமெயில், லிங்க்: ஓர் ஒப்பீடு

மாதம் 25ஆம் தேதி தாண்டினால் கோலாலம்பூரின் சிறு அலுவலகங்களில் இந்தக் கேள்வி எழாமல் இருக்காது. "அக்கா, சம்பள லிஸ்ட் ரெடி. வாட்ஸ்அப்ல போடவா, ஈமெயில் பண்ணவா, டிரைவ்ல ஏத்திட்டு லிங்க் குடுக்கவா?" எது சீக்கிரம் போய்ச் சேரும் என்பதுதான் கேட்கும் பிள்ளையின் கணக்கு. பதில் சொல்பவரின் கணக்கும் பெரும்பாலும் அதுவே. "எதுலயாவது அனுப்பும்மா, போஸ் காத்துக்கிட்டு இருக்காரு."

நான் பிரிக்பீல்ட்ஸில் கணக்கு எழுதித் தரும் ஓர் அலுவலகத்தில் இருக்கிறேன். லோரி கம்பெனி, மளிகைக் கடை, துப்புரவுக் குத்தகையாளர், கிளினிக் என்று பலருடைய சம்பளப் பட்டியலும் இபிஎஃப் (சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் சமூகக் காப்புறுதி), வருமான வரிப் பாரங்களும் (படிவங்களும்) எங்கள் கணினி வழியாகப் போகின்றன. எந்த வழி நல்ல வழி என்று பொதுவாகக் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. கோப்பைக் காட்டினால் சொல்வேன். அதை யார் யார் திறக்க முடியும் என்று எனக்குத் தெரிய வேண்டும். நாளைக்கு வேண்டாம் என்றால் மூடவும் முடிய வேண்டும். இந்த இரண்டையும் வைத்துத்தான் கீழே ஒவ்வொரு வழியையும் எடைபோடுகிறேன். வேகத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. இந்த ஊரில் எந்த வழியில் அனுப்பினாலும் ஒரு சம்பளப் பட்டியல் சில நொடிகளில் போய்விடுகிறது.

எந்த விவரத்தைக் காக்க வேண்டும்

ஐசி, அதாவது மலேசிய அடையாள அட்டை எண்ணிலிருந்து தொடங்கலாம். மொத்தம் 12 இலக்கம். முதல் ஆறு பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த இடம்: கோலாலம்பூருக்கு 14, சிலாங்கூருக்கு 10, பேராக்குக்கு 08, பினாங்குக்கு 07. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். ஆக, ஒருவருடைய ஐசி எண்ணைக் கொடுத்தால் வயதும் சொந்த மாநிலமும் கூடவே போகின்றன. அதைவிடப் பெரிய சிக்கல், இந்த எண்ணை மாற்ற முடியாது. பேங்க் கார்டு தொலைந்தால் புது எண் வரும். மைகார்டு, அதாவது ஐசி அட்டை, தொலைந்தால் அட்டைதான் புதிது, எண் பழையதே. 2017இல் 4 கோடியே 62 லட்சம் கைப்பேசி எண்களின் சந்தாதாரர் விவரங்கள் இணையத்தில் விற்பனைக்கு வந்த செய்தி நினைவிருக்கும். முகவரியும் ஐசி எண்ணும் அதில் இருந்தன. அந்த ஐசி எண்கள் இன்றைக்கும் அதே ஆட்களுடையவைதான்.

சம்பளத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். யாருக்கு எவ்வளவு என்று தெரிந்துவிட்டால் மறுநாள் பேன்ட்ரியில் முகம் கொடுத்துப் பேச ஆள் இருக்காது. ஆனால் சம்பளத்தைவிடக் கூச்சமான விவரங்கள் அதே கோப்புறைக்குள் கிடப்பதைப் பலர் கவனிப்பதில்லை. மாதாந்திர வரிப் பிடித்தத்தில் கழிவு கேட்டு ஊழியர் நிரப்பித் தரும் டிபி1 பாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கடும் நோய்க்குச் செய்த செலவு, அப்பா அம்மாவின் மருத்துவச் செலவு, மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கான கழிவு என்று ஒரு வீட்டின் கஷ்டம் மொத்தமும் அதில் எழுதியிருக்கும். அது சம்பளக் கணக்கு போடுபவருக்கு மட்டும் தேவையான தாள். கிளை மேலாளருக்குக்கூட அதில் வேலை இல்லை.

அப்புறம் எம்சி, அதாவது டாக்டர் தரும் மருத்துவ விடுப்புச் சீட்டு. காலையில் உடம்பு சரியில்லை என்றால் எம்சியைப் படம் பிடித்து அலுவலகக் குழுவில் போடும் பழக்கம் எல்லா இடத்திலும் வந்துவிட்டது. சில எம்சியில் என்ன நோய் என்றே எழுதியிருக்கும். முப்பது பேர் அதைப் பார்த்து 'கெட் வெல் சூன்' போடுகிறார்கள். அதை மேலதிகாரிக்குத் தனியாக அனுப்பச் சொன்னால் போதும். ஒரு காசு செலவில்லாத மாற்றம் இது. வெளிநாட்டுத் தொழிலாளர்களின் பாஸ்போர்ட் பக்கங்களும் அப்படித்தான். குத்தகையாளர்கள் அவற்றை ஏஜெண்டுகளுக்குத் தட்டிவிடும் வேகத்தைப் பார்த்தால், அந்தப் பக்கத்தில் இருப்பது ஓர் ஆளின் பெயரும் முகமும் என்பதே மறந்துவிட்டது போலத் தோன்றும்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்த்துவிடுவோம். மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் நிறைவேறி, 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் இருக்கிறது. உடல்நலம், மனநலம், சமய நம்பிக்கை, அரசியல் கருத்து, குற்றம் சார்ந்த விவரங்களை அது தனியாக, கூடுதல் கவனத்துக்குரியவையாக வைத்திருக்கிறது. 2024இல் செய்த திருத்தம் கைரேகை, முக அடையாளம் போன்ற உடல்சார் தரவுகளையும் அந்த வரிசையில் சேர்த்தது. சம்பளம் அந்தச் சிறப்புப் பட்டியலில் இல்லை என்றாலும் தனிநபர் தரவுதான். எங்களைப் போன்றவர்களுக்கு முக்கியமான மாற்றம் வேறொன்று. முன்பெல்லாம் தரவுக்குப் பொறுப்பு, வேலையைக் கொடுத்த நிறுவனத்துக்கு மட்டும்தான். 2025 ஏப்ரல் முதல், அவர்களுக்காகத் தரவைக் கையாளும் கணக்கு அலுவலகமும் பாதுகாப்பு விதிக்கு நேரடியாகக் கட்டுப்பட்டது. மீறினால் அபராதத்தின் உச்சவரம்பு 10 லட்சம் ரிங்கிட். முன்பு 3 லட்சமாக இருந்தது.

அதற்காக எல்லாவற்றையும் பூட்ட வேண்டாம். விலைப்பட்டியல், கம்பெனி புரொஃபைல், பதிவு எண், இன்வாய்ஸில் அச்சாகும் கம்பெனி வங்கிக் கணக்கு எல்லாம் வெளியே போவதற்காகவே இருப்பவை. அவற்றுக்கும் பாஸ்வேர்டு போடச் சொன்னால் பிள்ளைகள் எரிச்சலாகி, அடுத்த வாரம் சம்பளக் கோப்பையும் பாஸ்வேர்டு இல்லாமல் அனுப்பிவிடுவார்கள்.

வாட்ஸ்அப்

வாட்ஸ்அப் பாதுகாப்பில்லை என்று சொல்பவர்கள் பாதிதான் சரி. 2016 முதல் அதில் போகும் செய்தியும் கோப்பும் முனைக்கு முனை மறையாக்கம் செய்யப்படுகின்றன; நடுவழியில் பிடித்து யாரும் படித்துவிட முடியாது. அந்த ஒரு விஷயத்தில் சாதாரண ஈமெயிலைவிட அது மேல். பிரச்சினை வழியில் இல்லை, இரண்டு முனைகளில் இருக்கிறது.

பெறுபவரின் போனில் படம் தானாக இறங்கும். ஆண்ட்ராய்டில் அது நேராக கேலரியில் போய் உட்காரும். புது ஊழியரின் ஐசிப் படம், முதலாளியின் பத்துமலைப் படங்களுக்கும் பேரப்பிள்ளையின் பிறந்தநாள் படங்களுக்கும் நடுவில் கிடக்கும். அந்த போனைப் பேரப்பிள்ளை வாங்கி கேம் விளையாடும். கேலரி கூகுள் போட்டோஸுக்கோ ஐகிளவுடுக்கோ நகல் போகும். அரட்டையின் பேக்கப்பும் போகும்; அந்த பேக்கப்புக்கு மறையாக்கம் வேண்டுமென்றால் அமைப்புகளில் போய் நாமே இயக்க வேண்டும், தானாக இருக்காது. அலுவலகக் கணினியில் வாட்ஸ்அப் வெப் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போவது இன்னொன்று. போன் பையில் இருந்தாலும், அணைந்தே இருந்தாலும் அந்தத் திரை வேலை செய்துகொண்டே இருக்கும். லிங்க்டு டிவைஸ் பட்டியலை ஒரு தரம் திறந்து பாருங்கள். எங்கோ திறந்து மூட மறந்த கணினி ஏதாவது இன்னும் இருக்கலாம்.

குழு என்றால் இன்னும் மோசம். லோரி டிரைவர்கள் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று அதன் அட்மினுக்கே உறுதியாகத் தெரியாது. வேலையை விட்டுப்போனவரை நீக்க மறந்திருப்பார்கள். 'அனைவருக்கும் அழி' இரண்டு நாளுக்குச் சற்று மேல் வரை வேலை செய்யும். அதற்குள் யாராவது சேமித்துவிட்டால் அதனால் பயனில்லை.

ஒரு நுணுக்கம் மட்டும் சொல்லிவிடுகிறேன். படத்தைப் படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கி, எடுத்த இடத்தின் குறிப்பையும் நீக்கிவிடுகிறது. தெளிவாக இருக்கட்டும் என்று அதே படத்தை 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் எல்லாம் அப்படியே போகும், எங்கே எடுத்தது என்ற குறிப்பு உட்பட. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர் தன் மேசையில் வைத்து எடுத்த பில்லின் படத்தில் வீட்டு இருப்பிடம் ஒளிந்திருக்கலாம்.

என் தீர்ப்பு: டெலிவரி ஆர்டர் படம், கொட்டேஷன், "அண்ணே, ஈமெயில் அனுப்பிட்டேன், பாருங்க" என்ற தகவல், இவற்றுக்கு வாட்ஸ்அப்பை அடிக்க ஆளில்லை. ஐசி, பாஸ்போர்ட், சம்பளம், நோய் நான்கும் அதில் வேண்டாம்.

வேறு வழியே இல்லை, ஐசிப் படம் இன்றைக்கே வேண்டும் என்றால், நம் பெரியவர்கள் ஐசி ஜெராக்ஸில் இரண்டு கோடு இழுத்து "இன்ன காரியத்துக்கு மட்டும்" என்று எழுதிக் கொடுப்பார்களே, அதைப் படத்தின் மேலும் செய்யுங்கள். போனிலேயே எடிட் பண்ணி, எண்ணை மறைக்காமல் குறுக்கே காரணத்தையும் தேதியையும் எழுதலாம். அந்தப் படத்தை எடுத்துப்போய் வேறு இடத்தில் சிம் கார்டு பதிய முயல்பவருக்கு அது ஓர் இடைஞ்சல்.

ஈமெயில் அட்டாச்மென்ட்

ஈமெயிலுக்கு ஒரு கண்ணியம் உண்டு. எப்போது, யாருக்கு, என்ன அனுப்பினோம் என்பதற்குச் சான்று நிற்கும். ஆடிட்டரும் பேங்கும் அதைத்தான் கேட்பார்கள். வரிக் கணக்குக்கான ஆவணங்களை 7 ஆண்டு வைத்திருக்க வேண்டிய தொழிலில் அந்தச் சான்று சாதாரண விஷயமில்லை.

ஆனால் அட்டாச்மென்ட் போனது போனதுதான். அனுப்புபவரின் 'சென்ட்' பெட்டியில் ஒன்று, பெறுபவரின் இன்பாக்ஸில் ஒன்று, சிசியில் இருப்பவர்களிடம் ஆளுக்கொன்று, ஒவ்வொருவரின் டவுன்லோட் கோப்புறையிலும் ஒன்று. ஜிமெயிலில் அனுப்பியதை நிறுத்த அதிகபட்சம் 30 விநாடி கிடைக்கும். அவுட்லுக்கின் 'ரீகால்' ஒரே நிறுவனத்துக்குள்தான் வேலைக்கு ஆகும். வெளியாளுக்குப் போன மெயிலை அது திருப்பிக் கொண்டுவராது. முதல் மூன்று எழுத்து அடித்ததும் பெயரைத் தானே நிரப்பும் வசதி வேறு. "குமா" என்று அடித்தால் எந்தக் குமார்? லோரி கம்பெனிக் குமாரா, போட்டி கம்பெனிக் குமாரா? அட்டாச்மென்டை முதலில் சேர்க்காமல், எல்லாம் எழுதி, பெறுபவர் பெயரை விரல் வைத்துப் பார்த்த பிறகு கடைசியில் சேர்க்கும் பழக்கம் இருந்தால் பாதித் தொல்லை குறையும்.

சரி, பாஸ்வேர்டு போட்ட பிடிஎஃப் அனுப்பினால்? நல்லதுதான், பாஸ்வேர்டு நல்லதாக இருந்தால். இங்கேதான் நம் நாட்டு அலுவலகங்களின் ஒரு பழக்கம் என்னை உறுத்துகிறது. பேஸ்லிப்பை (மாதச் சம்பளச் சீட்டை) அனுப்பிவிட்டு, "பாஸ்வேர்டு உங்கள் ஐசியின் கடைசி நான்கு எண்" என்று அதே மெயிலில் எழுதுகிறார்கள். நான்கு இலக்கம் என்றால் மொத்தம் 10,000 வாய்ப்பு. அத்தனையையும் முயன்று பார்க்க ஒரு சாதாரண மடிக்கணினிக்கு டீ ஆறும் நேரம்கூட வேண்டாம். முழு ஐசி எண்ணையும் பாஸ்வேர்டாக வைத்தால் 12 இலக்கம் ஆயிற்றே என்பார்கள். பிறந்த தேதி ஃபேஸ்புக்கில் இருக்கிறது, பிறந்த மாநிலம் பேச்சில் தெரியும். மீதி நான்கு இலக்கத்திலும் ஆணா பெண்ணா என்று தெரிந்தால் பாதி கழன்றுவிடும். மிஞ்சுவது 5,000. சக ஊழியரின் பேஸ்லிப்பை எட்டிப் பார்க்க நினைப்பவருக்கு இது பூட்டே கிடையாது. போதாக்குறைக்குச் சில அலுவலகங்களில் கோப்பின் பெயரே ஊழியரின் ஐசி எண்ணாக இருக்கும்.

மூன்று நான்கு சம்பந்தமில்லாத சொற்களைச் சேர்த்த நீளமான பாஸ்வேர்டை வைத்து, அதை மெயிலில் எழுதாமல் போனில் சொன்னாலோ வாட்ஸ்அப்பில் தனியாக அனுப்பினாலோ போதும். இரண்டு வழியையும் ஒரே ஆள் ஒரே நேரத்தில் பிடிப்பது அபூர்வம். எக்செல்லில் 'புரொடெக்ட் ஷீட்' என்று ஒன்று இருக்கிறது. அது யாரும் கை வைத்து எண்ணை மாற்றிவிடாமல் தடுப்பதற்கு. படிப்பதைத் தடுக்காது. தடுக்க வேண்டும் என்றால் 'என்கிரிப்ட் வித் பாஸ்வேர்டு' போட வேண்டும். பிடிஎஃப்பிலும் அதே கதைதான்: திறக்கவே பாஸ்வேர்டு கேட்பது ஒரு வகை, அச்சிடாதே, திருத்தாதே என்று மட்டும் சொல்வது இன்னொரு வகை. இரண்டாவதை நம்ப வேண்டாம்.

யாரும் திறக்கக்கூடிய லிங்க்

கூகுள் டிரைவில் 'எனிவன் வித் த லிங்க்' என்று ஒரு தேர்வு. ஒரு கிளிக்கில் வேலை முடியும், யாரும் "திறக்கலையே" என்று போன் பண்ண மாட்டார்கள். அதனால்தான் அது இவ்வளவு பரவலாக இருக்கிறது. கோயில் அன்னதானப் பந்தி மாதிரி அது. யார் வந்து உட்கார்ந்தார்கள் என்று கேட்பாரில்லை. லிங்க் ஒரு குழுவிலிருந்து இன்னொரு குழுவுக்குப் போகும். திறந்தவர் கூகுளில் உள்நுழையாமல் வந்தால் பெயரும் தெரியாது.

தனிக் கோப்பைவிடக் கோப்புறையைப் பகிர்வதில்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். ஜனவரியில் வாடிக்கையாளர் ஒருவருக்கு "ஆடிட்" என்ற கோப்புறையின் லிங்கைக் கொடுக்கிறோம். அப்போது உள்ளே இருந்தது நான்கு பேங்க் ஸ்டேட்மென்ட். ஜூலையில் வேறொரு பிள்ளை, இது வெளியாளுக்குத் திறந்த கோப்புறை என்று தெரியாமல், சம்பளப் பட்டியலை அதற்குள் போடுகிறாள். போட்ட நொடியில் அதுவும் திறந்த கோப்புதான். யாரும் 'ஷேர்' பட்டனை அழுத்தவில்லை, எந்த எச்சரிக்கையும் வரவில்லை. கூடவே, 'எடிட்டர்' உரிமை கொடுத்திருந்தால் அவர்களே இன்னும் பத்துப் பேரைச் சேர்க்கலாம். அமைப்பில் போய் அதை அணைக்காதவரை அதுதான் வழக்கம்.

தீபாவளி விற்பனைக் கேட்டலாக், விழா அழைப்பு, காலி விண்ணப்பப் பாரம், இவற்றுக்குத் திறந்த லிங்க் சரியானது. வேறு எதற்கும் இல்லை.

பெயர் குறித்துத் திறக்கும் லிங்க்

அதே டிரைவில் 'ரிஸ்டிரிக்டட்' என்று வைத்து, இன்னார் ஈமெயிலுக்கு மட்டும் என்று கொடுப்பது. மைக்ரோசாஃப்ட் ஒன்டிரைவில் 'ஸ்பெசிஃபிக் பீப்பிள்'. என் இரண்டு கேள்விக்கும் பதில் உள்ள வழி இது ஒன்றுதான். யார் திறக்க முடியும் என்ற பட்டியல் கண்முன் இருக்கிறது. வேலை முடிந்ததும் பெயரை நீக்கினால் கதவு மூடிவிடும். கட்டணம் செலுத்தும் அலுவலகக் கணக்கில் காலாவதித் தேதியும் வைக்கலாம். அனுப்பியது தப்பான பதிப்பு என்றால் அதே இடத்தில் சரியானதை மாற்றி வைக்கலாம். 'இறுதி', 'இறுதி 2', 'இதுதான் இறுதி' என்று மெயில் ஓடாது.

தொல்லையும் உண்டு, மறைக்கவில்லை. "தம்பி, திறக்க மாட்டேங்குதுப்பா, என்னமோ ரெக்வெஸ்ட் அக்சஸ்னு வருது." அவருக்கு இரண்டு ஜிமெயில், நாம் கொடுத்தது ஒன்றுக்கு, போனில் திறந்திருப்பது இன்னொன்றுக்கு. ஐம்பது வயது தாண்டிய முதலாளிகளில் பலர் இந்த இடத்தில்தான் "போங்கப்பா, வாட்ஸ்அப்லயே அனுப்புங்க" என்று அலுத்துக்கொள்கிறார்கள். முதல் தடவை போனில் இருந்து, எந்த ஈமெயிலில் இருக்கிறார் என்று பார்த்துக் கூடவே திறந்து காட்டிவிட்டால் அடுத்த மாதம் அந்தத் தொல்லை வராது. ஜிமெயிலே இல்லாதவருக்கு ஒன்டிரைவ் எளிது; அவர் ஈமெயிலுக்கு ஒரு குறியீடு போகும், அதை அடித்தால் திறக்கும்.

ஒருவர் இறக்கி வைத்த நகலை இந்த வழியும் திருப்பி வாங்காது. 'டவுன்லோட், பிரிண்ட் வேண்டாம்' என்று தடுக்கலாம்தான். திரையை இன்னொரு போனால் படம் எடுப்பவரை எந்த அமைப்பும் தடுக்காது.

இந்த வழியைத் தேர்ந்தெடுத்துவிட்டு நிறைய பேர் கோட்டைவிடும் இடம் கணக்கின் உரிமை. கம்பெனியின் கோப்புகள் ஒரு கிளார்க்கின் சொந்த ஜிமெயிலில் இருந்தால், சட்டப்படி எப்படியோ, நடைமுறையில் உரிமையாளர் அந்த கிளார்க்தான். அவர் வேலையை விட்டுப் போனால் பகிர்ந்தவர் பட்டியலும் அவரோடு போகிறது. அவர் கணக்கை நீக்கினால் கோப்புகளும் போகும். மாதச் சந்தா கட்டி, கம்பெனி பெயரில் கணக்கு வைப்பதற்கு முதலாளிகள் யோசிக்கிறார்கள். அலுவலகத்துக்கு வாங்கும் காப்பி, மைலோ கணக்கை ஒருமுறை பார்த்துவிட்டு யோசிக்கலாம்.

வழி சரி, கோப்பு தப்பு

நான்கில் எதைத் தேர்ந்தாலும், அனுப்பும் கோப்புக்குள் தேவையில்லாதது இருந்தால் எல்லாம் வீண்.

2023 ஆகஸ்டில் வட அயர்லாந்து காவல்துறைக்கு நடந்ததைப் பாருங்கள். தகவல் உரிமைக் கேள்வி ஒன்றுக்குப் பதிலாக ஓர் எக்செல் கோப்பு கொடுத்தார்கள். கேட்டது எத்தனை பேர், எந்தப் பதவி என்ற எண்ணிக்கைதான். அந்த எண்ணிக்கையை எடுத்த மூலத் தாள் மறைந்த ஷீட்டாக அதே கோப்பில் இருந்துவிட்டது. 9,483 பேரின் குடும்பப் பெயர், பதவி, பணியிடம் எல்லாம் பொதுவெளிக்குப் போனது. போலீஸ் என்று தெரிந்தாலே உயிருக்கு ஆபத்துள்ள இடம் அது. பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் விதித்த அபராதம் 7,50,000 பவுண்டு. இணையத்தில் ஊடுருவி யாரும் திருடவில்லை. மறைத்த ஷீட்டை அழிக்கவில்லை, அவ்வளவுதான்.

நம் சம்பளக் கோப்பும் அதே வகைதான். முதலாளி கேட்பது இந்த மாதம் மொத்தம் எவ்வளவு போகிறது என்ற ஒரு வரி. நாம் அனுப்புவது பன்னிரண்டு மாத ஷீட், மறைத்த காலம்களில் (நெடுவரிசைகளில்) ஐசி எண்ணும் வங்கிக் கணக்கும், ஓரத்தில் ஒரு பிவட் டேபிள் (தொகைகளைச் சுருக்கிக் காட்டும் அட்டவணை). அந்த பிவட்டின் மொத்தத் தொகை மேல் இரண்டு தடவை கிளிக் பண்ணுங்கள். அந்தத் தொகைக்குப் பின்னால் இருக்கும் ஒவ்வொரு ஊழியரின் வரியும் புது ஷீட்டில் வந்து நிற்கும். மூல ஷீட்டை அழித்திருந்தாலும் பெரும்பாலும் வரும். பிவட் தனக்கென்று ஒரு நகலை வைத்திருக்கிறது. இதைப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்குச் செய்து காட்டினால் முகம் வெளுத்துவிடும்.

நான் சொல்லித் தரும் வழி நேரானது. புதுசாக ஒரு வெற்று எக்செல் திற. வேண்டிய காலம்களை மட்டும் நகலெடுத்து, 'வேல்யூஸ்' என்று ஒட்டு. ஐசிக்குப் பதில் ஊழியர் எண் போடு. பார்க்க மட்டும் வேண்டும் என்றால் பிடிஎஃப்பாக மாற்று. பழைய கோப்பை வெட்டிச் சுத்தம் செய்து அனுப்புவதைவிட இது எப்போதும் நிச்சயம். எக்செல், வேர்டில் 'இன்ஸ்பெக்ட் டாக்குமென்ட்' என்று ஒன்று இருக்கிறது. மறைந்த ஷீட், கருத்துக் குறிப்பு, எழுதியவர் பெயர் எல்லாவற்றையும் தேடித் தரும். நல்ல கருவி, ஆனால் தேவையில்லாததைச் சேர்க்காமலே இருப்பதற்கு ஈடாகாது.

வேர்டில் கொட்டேஷன் தயாரிப்பவர்கள் பழைய வாடிக்கையாளரின் கோப்பைத் திறந்து பெயரை மாற்றி எழுதுவது வழக்கம். 'டிராக் சேஞ்சஸ்' ஓடிக்கொண்டிருந்தால், போன வாடிக்கையாளருக்கு என்ன விலை கொடுத்தீர்கள் என்று புது வாடிக்கையாளர் சிவப்பு எழுத்தில் படிப்பார். கூகுள் டாக்ஸில் எடிட்டர் உரிமை உள்ளவருக்குப் பழைய பதிப்புகள் எல்லாம் தெரியும். புது நகல் எடுத்து அதைக் கொடுத்தால் வரலாறு கூடவே வராது. பிடிஎஃப்பில் ஐசி எண்ணின் மேல் கறுப்புக் கட்டம் வரைந்து அனுப்புபவர்கள், அந்தக் கட்டத்தை மவுஸால் இழுத்து நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பார்க்கட்டும். எண் அப்படியே வந்து விழுந்தால் அந்தக் கட்டம் வெறும் அலங்காரம்.

கோப்பின் பெயரையும் கவனியுங்கள். "நவம்பர் ஆட்குறைப்புப் பட்டியல்" என்று பெயர் வைத்துவிட்டு உள்ளே பாஸ்வேர்டு போட்டு என்ன பயன்? மீட்டிங்கில் திரை பகிரும்போது ஓரத்தில் வரும் அறிவிப்பே சொல்லிவிடும்.

இலவசமாக பிடிஎஃப் சுருக்கித் தருகிறோம், சேர்த்துத் தருகிறோம் என்று சொல்லும் தளங்களும் பகிர்வுதான். கோப்பு அவர்கள் கணினிக்குப் போய்த்தான் திரும்புகிறது. ஏஐ அரட்டைக் கருவிகளில் சம்பளப் பட்டியலை ஒட்டி "இதைக் கூட்டிச் சொல்" என்பதும் அப்படியே. 2023இல் சாம்சங் பொறியாளர்கள் நிறுவனத்தின் நிரல் வரிகளை சாட்ஜிபிடியில் ஒட்டிய செய்தி வெளிவந்த பிறகு அந்த நிறுவனம் ஊழியர்களுக்கு அத்தகைய கருவிகளைத் தடை செய்தது. கூட்டுவதற்கு எக்செல் இருக்கிறது.

எதற்கு எது

சம்பளப் பட்டியல், இஏ பாரம் (ஊழியரின் ஆண்டு வருமானச் சீட்டு), டிபி1, ஐசி, பாஸ்போர்ட், மருத்துவத் தாள் என்றால் கம்பெனிக் கணக்கிலிருந்து பெயர் குறித்த லிங்க், தனிக் கோப்பாக, வேலை முடிந்ததும் மூடுவது. ஆடிட்டருக்கும் பேங்குக்கும் சான்று வேண்டியவை ஈமெயிலில், ஆள் விவரம் இருந்தால் பாஸ்வேர்டு வேறு வழியில். அன்றாட டெலிவரி, விலை, நேரம் எல்லாம் வாட்ஸ்அப். திறந்த லிங்க், சுவரில் ஒட்டினாலும் கவலையில்லாத தாளுக்கு மட்டும். பத்துப் பேர் வேலை பார்க்கும் அலுவலகத்துக்கு இதற்கு மேல் சிக்கலான ஏற்பாடு தேவைப்படாது. முழுப் பட்டியலை ஒரே நாளில் மாற்ற முடியாதவர்கள் பகிர்ந்த கோப்புறைகளை மூடுவதிலிருந்து தொடங்கலாம். பழைய கசிவுகள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

இன்னொன்று, பணம் சம்பந்தப்பட்டது. "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் போடுங்கள்" என்று சப்ளையர் பெயரில் ஒரு பிடிஎஃப் எந்த வழியில் வந்தாலும், பழைய எண்ணில் போன் பண்ணிக் கேட்காமல் மாற்றக் கூடாது. பணம் போய்விட்டது என்றால் உடனே 997. தேசிய மோசடிப் பதில் மையத்தின் எண் அது.

தப்பாகப் போய்விட்டால் நேரம்தான் முக்கியம். லிங்க் என்றால் அந்த நிமிடமே உரிமையை நீக்குங்கள், வாட்ஸ்அப் என்றால் அனைவருக்கும் அழியுங்கள். பிறகு மேலதிகாரியிடம் சொல்லுங்கள், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று வைக்காதீர்கள். 2025 ஜூன் முதல், கணிசமான பாதிப்பு வரக்கூடிய கசிவைத் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்கு 72 மணி நேரத்துக்குள் நிறுவனம் தெரிவித்தாக வேண்டும்; பாதிக்கப்பட்டவர்களுக்கு அதன்பின் 7 நாளுக்குள். கணக்கு அலுவலகத்தில் நடந்தது என்றால் வாடிக்கையாளர் நிறுவனத்துக்கு அன்றைக்கே சொன்னால்தான் அவர்களாலும் அந்த நேரக் கெடுவைக் காப்பாற்ற முடியும். தவறாகப் பெற்றவரைக் கூப்பிட்டுப் பேசி, யாருக்கும் அனுப்பவில்லை, அழித்துவிட்டேன் என்று ஒரு வரி ஈமெயிலில் வாங்கி, என்ன கோப்பு, எத்தனை மணிக்கு, யாருக்கு என்ற குறிப்போடு சேர்த்து வையுங்கள். ஆணையர் அலுவலகத்திலிருந்து கேள்வி வந்தால் எடுத்துக் காட்ட அந்தத் தாள் வேண்டும்.